மலைக் கல்லூரி வகுப்புக்கு எது: ஸ்மார்ட் போர்டா, போனா, அட்டையா, உள்ளூர் சர்வரா?

நிதியாண்டு முடிகிற நேரத்தில் மலையில் வேலை பார்க்கும் கல்லூரி ஆசிரியர்கள் பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "துறைக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. மார்ச் 31-க்குள் பில் போட்டாக வேண்டும். மாணவர்கள் சும்மா உட்கார்ந்து எழுதாமல் வகுப்பில் பங்கெடுக்கிற மாதிரி எதையாவது வாங்கலாம் என்று பார்க்கிறோம். எதை வாங்குவது?" ஊட்டியிலிருந்து கேட்கிறார்கள், கூடலூரிலிருந்து கேட்கிறார்கள், கொடைக்கானலிலிருந்தும் கேட்கிறார்கள். கோவையிலோ மதுரையிலோ இருக்கும் கல்லூரிக்குச் சொல்கிற பதிலை இவர்களுக்கு அப்படியே சொல்ல முடியாது. மழை, கரண்ட், சிக்னல், மலைப்பாதை ஆகிய நான்கும் இங்கே கணக்கில் வந்தாக வேண்டும்.

பொதுவாகப் பேசப்படும் வழிகள் நான்கு: சுவரில் மாட்டும் பெரிய தொடுதிரை, மாணவர்களின் போன் வழியாக நடத்தும் வாக்கெடுப்பு, ஆசிரியர் போனால் படித்தெடுக்கும் காகித அட்டை, நெட் இல்லாமலே ஓடும் உள்ளூர் சர்வர். நான் இயற்பியல் நடத்துகிறவன். அதனால் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கம் சாயும். மற்ற துறையினர் தங்கள் பாடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் பதில் சொல்கிறார்களா? மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான். வழக்கமான வகுப்பில் கேள்வி கேட்டால் முன் பெஞ்சில் மூன்று நான்கு பேர் பதில் சொல்வார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று மொத்த வகுப்பும் சொல்லும். கடைசிப் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு உண்மையில் என்ன புரிந்தது என்பது செமஸ்டர் பேப்பர் திருத்தும்போதுதான் தெரிய வரும்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஆசிரியர் ஒரு கருத்துக் கேள்வி போடுவார், அதாவது மனப்பாடத்தை அல்லாமல் புரிதலைச் சோதிக்கும் கேள்வி. ஒவ்வொருவரும் யாரையும் பார்க்காமல் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஏன் என்று வாதிட வேண்டும். அப்புறம் மறுபடி விடை. முதல் சுற்றில் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால்தான் வாதம் சூடு பிடிக்கும். அதற்குக் கீழே போனால் ஆசிரியர் திரும்ப நடத்த வேண்டும், மேலே போனால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

இந்த மாதிரி வகுப்புகள் பலன் தருகின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. 2014-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி அடைகிறவர்கள் விகிதம் மற்ற வகுப்புகளைவிட ஒன்றரை மடங்கு. இன்னொரு ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 2008-ல் கனடாவில் ஒரு கல்லூரியில் மசூர் முறையை ஒரு பிரிவுக்கு கிளிக்கர் (பட்டனை அழுத்தி விடை அனுப்பும் கையடக்கக் கருவி) கொண்டும் இன்னொரு பிரிவுக்கு வெறும் அட்டை கொண்டும் நடத்திப் பார்த்தார்கள். மாணவர்கள் கற்றுக்கொண்ட அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கேள்வியும் வாதமும்தான் வேலை செய்கின்றன. கருவி அதற்கு வழி விட்டால் போதும். இந்தக் கட்டுரையில் நான் தரும் தீர்ப்புகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

நெட்டும் கரண்டும் போனால் என்ன ஆகும்? ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்கு. மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் வர எவ்வளவு நேரமாகும் என்று யாரும் சொல்ல முடியாது. கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் டவரும் படுத்துவிடும். பாடம் நடக்கிற மாதங்களில் பாதி இந்த மழைக்குள்தான் வருகிறது.

மாணவரின் பையிலிருந்து என்ன போகிறது? எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்) வருகிற பிள்ளைகளில் பலர் அந்த வீட்டில் முதல் பட்டதாரி. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ், ஜெராக்ஸ், ரீசார்ஜ் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

பழுதானால் யார் வருவார்? சர்வீஸ் ஆள் கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஏறி வர வேண்டும்.

ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதை எந்தக் கொட்டேஷனிலும் காண முடியாது. ஆனால் எல்லா வழிகளிலும் பெரிய செலவு இதுதான்.

## சுவரில் மாட்டும் தொடுதிரை (ஸ்மார்ட் போர்டு)

பார்வைக்கு மிடுக்காக இருக்கும். ஆய்வுக்குழு வரும்போது காட்டலாம். அதனாலேயே பணம் வந்ததும் கை முதலில் இதன் பக்கம்தான் போகிறது. நல்ல பேனல் ஒன்று ஒரு லட்சத்துக்கு மேல் போகும்.

இதற்கென்று நியாயமான இடம் உண்டு. படம் முக்கியமாக இருக்கிற பாடங்களில் இது கரும்பலகையைவிட எவ்வளவோ மேல். உடற்கூறியல் நடத்தும் நர்சிங் வகுப்பு, மருந்தியல், தாவரவியல், நிலவரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் புவியியல் வகுப்பு எல்லாம் இதில் சேரும். எழுதியதைச் சேமித்து அப்படியே மாணவர்களுக்கு அனுப்பலாம். வகுப்புக்கு வராத பிள்ளைக்கு அது உதவும்.

ஆனால் முதல் அளவுகோலில் இது சறுக்குகிறது. திரையைத் தொடுகிறவர் ஆசிரியர், அல்லது அவர் கூப்பிட்ட ஒரு மாணவர். மற்ற ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரை தொட்டால் வேலை செய்யும் என்பதற்காக வகுப்பு கலந்துரையாடலாகிவிடாது.

மறைமுகச் செலவுகளும் உண்டு. யூபிஎஸ் வேண்டும், ஸ்டெபிலைசர் வேண்டும், ஜன்னலுக்குத் தடிப்பான திரைச்சீலை வேண்டும். திரைச்சீலையைச் சும்மா சொல்லவில்லை. பல பேனல்கள் விளிம்பில் ஓடும் அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் தொடுதலை உணர்கின்றன. மூடுபனி விலகி நேர் வெயில் திரையில் அடித்தாலோ, விளிம்பில் தூசியும் ஈரமும் படிந்தாலோ, யாரும் தொடாமலே கோடு விழும், தொட்ட இடம் விலகும். சில கம்பெனிகளின் எழுதுபலகை மென்பொருளுக்கு வருடச் சந்தாவும் இருக்கும். அதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பேனல் என்றால் ஒரு அறைதான். டைம்டேபிளில் அந்த அறைக்குப் போட்டி வரும்.

## மாணவர் போனில் வாக்கெடுப்பு

மென்டிமீட்டர், கஹூட், கூகுள் ஃபார்ம் போன்றவை. ஆசிரியர் கேள்வியைப் போடுவார், மாணவர்கள் போனில் விடையைத் தட்டுவார்கள், எத்தனை பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று திரையில் பட்டை எழும்பும். வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

இதன் பெரிய பலம், பெயர் தெரியாமல் பதில் சொல்ல முடிவது. ஆங்கில வழி வகுப்பில் வாய் திறக்கவே கூசுகிற பிள்ளை போனில் தமிழில் ஒரு வரி எழுதிவிடும். நான்கு விடைகளில் ஒன்று என்றில்லாமல் சொந்த வாக்கியத்தில் பதில் வாங்க முடிகிற வழி இது. அதனால் தமிழ், ஆங்கில இலக்கியம், வரலாறு, சமூகப்பணித் துறைகளுக்கு மற்ற மூன்றையும்விட நன்றாகப் பொருந்தும்.

டேட்டா அதிகம் செலவாகாது. பிரச்சினை டேட்டாவின் அளவு அல்ல, சிக்னல். ஒரே அறையில் பாதிப் பேருக்கு லோடு ஆகி, மீதிப் பேருக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்பின் வேகம் போய்விடும். போன் இல்லாதவர், ரீசார்ஜ் முடிந்தவர், திரை உடைந்தவர் எல்லோரும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் வெளியே தெரிவார்கள். ஒரு பிள்ளையின் வறுமையை வகுப்பறையில் வெளிச்சம் போட்டுக் காட்டுகிற எந்த முறையும் எனக்கு ஏற்புடையதல்ல. இருவருக்கு ஒரு போன் என்று முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டால் இது சரியாகிவிடும்.

இலவசக் கணக்குகளில் பங்கேற்பவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அதைக் கம்பெனிகள் மாற்றிக்கொண்டும் இருக்கும். அறுபது பேர் வகுப்பென்றால் செமஸ்டர் தொடங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கஹூட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேகமாகத் தட்டுகிறவருக்கு அதிகப் புள்ளி என்ற அமைப்பில், யோசிக்கிறவர் பின்தங்கிவிடுவார். அமைப்பில் அந்த நேரப் போட்டியைத் தளர்த்திவிடலாம்.

## ஆசிரியர் போன் படிக்கும் காகித அட்டை

பிளிக்கர்ஸ் என்ற ஆப் இது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண்ணுள்ள அட்டை. அதில் கியூஆர் மாதிரி ஒரு கறுப்பு வடிவம். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை: ஏ, பி, சி, டி. மாணவர்கள் அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் மீது ஒருமுறை ஓட்டினால், யார் என்ன சொன்னார்கள் என்று ஆப் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்து அதே மாதிரி பிடிக்க முடியாது. ஒரு வகுப்புக்கு 63 அட்டை வரை அச்சிடலாம்.

நெட் தேவைப்படுவது ஆசிரியரின் ஒரு போனுக்கு மட்டும். மாணவர் கையில் காகிதம்தான். மலைக் கல்லூரிக்கு இதுதான் முதல் படி என்று நான் தயங்காமல் சொல்வேன்.

வகுப்பில் இது எப்படி நடக்கும் என்று ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம். "திறந்த பாத்திரத்தில் சோறு வேக மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் அதிக நேரமாகிறது. முக்கியக் காரணம் என்ன? ஏ: குளிரில் கேஸ் சரியாக எரிவதில்லை. பி: இங்கே தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடுகிறது. சி: வெளிக்குளிர் பாத்திரத்தின் சூட்டை இழுத்துவிடுகிறது. டி: இங்கே தண்ணீர் கொதிக்க அதிக வெப்பநிலை தேவை." முதல் சுற்றில் சி-க்கு நிறைய அட்டைகள் எழும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் குளிர்தான் காரணம். இப்போது விடையைச் சொல்லாமல், "பக்கத்தில் இருப்பவரை உங்கள் பக்கம் இழுங்கள்" என்று விட்டுவிட வேண்டும். படுகிலும் மலையாளத்திலும் தமிழிலும் பேச்சு நடக்கும். நடக்கட்டும், தடுக்க வேண்டாம். யாராவது ஒரு பிள்ளை, "கொதிக்க ஆரம்பிச்ச பிறகு அடுப்பைக் கூட்டினா சோறு சீக்கிரம் வெந்துடுமா?" என்று கேட்கும். அந்த இடத்தில் சி ஆட்டம் காணும். குக்கர் எதற்கு என்ற பேச்சு வந்ததும் பி-க்கு அட்டைகள் திரும்பும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்று அதற்கப்புறம் சொன்னால், அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள தொடர்பை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான்கு விடைக் கேள்விக்கு மேல் இதில் எதுவும் செய்ய முடியாது. அட்டையைச் சாதாரணத் தாளில் அச்சிட்டால் மழைக்காலத்து ஈரத்தில் துவண்டுவிடும். லேமினேட் செய்ய வேண்டும், ஆனால் பளபளக்கும் லேமினேஷன் கூடாது. டியூப்லைட் ஒளி அதில் பட்டுத் தெறித்தால் கேமரா படிக்காது. பளபளப்பில்லாத 'மேட்' தாள் கேட்டு வாங்குங்கள். பனி மூடிய மதியத்தில் கரண்டும் இல்லையென்றால் கடைசிப் பெஞ்சு அட்டைகள் கேமராவுக்குத் தெரியாது. அந்த நாளில் ஆப்பை மூடிவிட்டு, மார்புக்கு நேராக விரலைக் காட்டச் சொல்லிக் கண்ணால் எண்ணிக்கொள்ளலாம். யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவு மட்டும்தான் கிடைக்காது. வாதம் வழக்கம்போல நடக்கும்.

## நெட் இல்லாமல் ஓடும் உள்ளூர் சர்வர்

மூடுல் ஒரு திறந்த மூல மென்பொருள், 2002-லிருந்து இருக்கிறது. பாடக்குறிப்பு, வினாடி வினா, ஒப்படைப்பு, விவாதப் பலகை எல்லாம் அதில் உண்டு. பொதுவாக இணையத்தில் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியிலும் ஏற்றலாம். அதற்கென்றே மூடுல்பாக்ஸ் என்று ஒரு இலவசத் தொகுப்பு இருக்கிறது. கணினியை ஆன் செய்தால் அதுவே வைஃபை தரும். மாணவர்கள் அதில் சேர்ந்தால் டேட்டா இல்லாமலே வினாடி வினா எழுதலாம்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகப் பாடங்களை (சிமுலேஷன்) இறக்கி இதில் வைத்துவிடலாம். நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம் அது. மின்சுற்றை மாணவரே கட்டிப் பார்க்கலாம், ஊசலின் நீளத்தை மாற்றிப் பார்க்கலாம், அமிலத்தில் தண்ணீர் சேர்த்து பிஎச் மாறுவதைப் பார்க்கலாம். ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எட்டுப் பேர் சுற்றி நிற்கிற துறைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

நடைமுறைச் சிக்கல்கள் இவை. அந்தச் சின்னக் கணினியின் சொந்த வைஃபை அறுபது பேரைத் தாங்காது, தனி ரூட்டர் வேண்டும். பழைய கல் கட்டடங்களில் வைஃபை அடுத்த அறைக்குப் போகாது, அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போக வேண்டும். சேர்ந்ததும் போன், "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று சொல்லித் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். முதல் வகுப்பிலேயே டேட்டாவை அணைத்துவிட்டுச் சேரச் சொல்லிப் பழக்க வேண்டும். பட்டென்று கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகும், அதனால் ரூட்டருக்கான சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம், வாரம் ஒரு நகல் கட்டாயம்.

கருவிக்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், உண்மையான விலை அதுதான். பல கல்லூரிகளில் இதைத் தெரிந்த ஒரே ஆள் கௌரவ விரிவுரையாளராக இருப்பார். அவர் வேறு ஊருக்குப் போனதும் பெட்டி அலமாரிக்குப் போய்விடும். குறைந்தது இரண்டு ஆசிரியர்களும் ஒரு ஆய்வக உதவியாளரும் கற்றுக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| | தொடுதிரை | போன் வாக்கு | காகித அட்டை | உள்ளூர் சர்வர் |
|---|---|---|---|---|
| எல்லோரும் பதில் சொல்வது | இல்லை | ஆம், போன் இருந்தால் | ஆம் | ஆம், போன் இருந்தால் |
| நெட் போனால் | ஓடும் | நின்றுவிடும் | விரலுக்கு மாறலாம் | ஓடும் |
| கரண்ட் போனால் | யூபிஎஸ் உள்ளவரை | டவர் உள்ளவரை | வெளிச்சம் உள்ளவரை | சின்ன யூபிஎஸ் போதும் |
| மாணவர் செலவு | இல்லை | டேட்டா | இல்லை | இல்லை |
| சொந்த வாக்கியத்தில் பதில் | இல்லை | உண்டு | இல்லை | உண்டு |
| பழுதுபார்ப்பு | மலையேறி வர வேண்டும் | தேவையில்லை | புது அட்டை அச்சிட்டால் போதும் | உள்ளூரில் ஒருவர் தெரிந்திருக்க வேண்டும் |

## யாருக்கு எது

கூடலூர், பந்தலூர், கீழ்க்கோத்தகிரி, மன்னவனூர், பூம்பாறை மாதிரி சிக்னல் நம்ப முடியாத இடங்களிலிருந்து பிள்ளைகள் வருகிற கல்லூரி என்றால் அட்டையில் தொடங்குங்கள். ஒரு செமஸ்டர் போகட்டும். கேள்வி எழுதுகிற பழக்கம் ஆசிரியர்களுக்கு வந்த பிறகு உள்ளூர் சர்வரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வளாகம் முழுக்க நல்ல இணைப்பும் ஜெனரேட்டரும் இருக்கிற தனியார் கல்லூரிக்குப் போன் வாக்கெடுப்பே போதும். விடுதி மாணவர்கள் அதிகமாக இருந்தால் மூடுலை இணையத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே புரொஜெக்டர் நன்றாக ஓடுகிற துறைக்குத் தொடுதிரை வேண்டாம் என்பேன். புரொஜெக்டர் செத்துவிட்டது, பாடமும் படம் சார்ந்தது என்றால் வாங்கலாம். அப்போதும் அட்டைகளுக்கான செலவையும் சேர்த்தே கேளுங்கள். பேனலில் கேள்வியைக் காட்டி அட்டையில் பதில் வாங்குவது நல்ல சேர்க்கை.

எதை எடுத்தாலும் முதல் மாதத்தில் ஒரு முணுமுணுப்பு வரும்: "சார் நடத்த மாட்டேங்கறார், எங்களையே பேச விடறார்." 2019-ல் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வில் இதையே பார்த்தார்கள். பங்கெடுத்துப் படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள், ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். மூளைக்கு வேலை கொடுத்தால் சிரமமாகத்தான் இருக்கும். அதை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் விளக்கிச் சொல்லிவிடுங்கள், துறைத் தலைவரிடமும் சொல்லிவையுங்கள்.

## பில் போடும் முன்

விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: பழுது என்றால் எத்தனை நாளில் மலைக்கு ஆள் வருவார், வரும் செலவு யாருடையது, நெட் இல்லாமல் எந்தெந்த வசதி ஓடும், மென்பொருளுக்குச் சந்தா உண்டா, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா. கடைசிக் கேள்விக்கு வாய்ப்பேச்சை நம்பாமல், 'க்ஷ', 'ஸ்ரீ', 'கொ', 'கௌ' எல்லாம் வருகிற ஒரு பத்தியைக் கொடுத்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

தொகையில் ஒரு பங்கைக் கேள்வி எழுதுவதற்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். நல்ல கருத்துக் கேள்வி ஒன்று எழுத ஒரு மணி நேரம் கூட ஆகலாம். தவறான விடைகளும் மாணவர் உண்மையிலேயே நம்புகிற விடைகளாக இருக்க வேண்டும், அதில்தான் நேரம் போகிறது. நீலகிரியில் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில், தன்னாட்சி பெறாதவற்றுக்குப் பாடத்திட்டம் ஒன்றுதான். ஊட்டிக் கல்லூரி ஆசிரியர் முதல் இரண்டு யூனிட், கூடலூர்க்காரர் அடுத்த இரண்டு, குன்னூர்க்காரர் கடைசி யூனிட் என்று பிரித்துக்கொண்டால் கோடை விடுமுறைக்குள் ஒரு தாளுக்கான கேள்வித் தொகுப்பு தயாராகிவிடும். மூடுலில் ஏற்றுகிற வடிவத்தில் சேமித்தால் மூன்று கல்லூரிக்கும் அது பொது. அட்டை வைத்திருப்பவரும் சர்வர் வைத்திருப்பவரும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.